கடற்கரை விடுமுறைக்குக் கடன் வாங்கலாமா, வீடு எடுத்துச் சமைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு மாதச் சம்பளம் 48,000 ரூபாய். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து ஏழாயிரம், எட்டாயிரம் சம்பாதிக்கிறேன். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். வரும் மே மாதம் எங்கள் காரிலேயே புதுச்சேரி போய் நான்கு இரவு தங்க ஆசை. கடற்கரையோர ரிசார்ட்டில் இரண்டு அறை, காலை உணவோடு 52,000 ரூபாய் சொல்கிறார்கள். பெட்ரோல், மற்ற சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் 75,000 ஆகிறது. கையில் 15,000 இருக்கிறது. மீதி 60,000-ஐ பர்சனல் லோனாக உடனே தருகிறோம் என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. மாமியாரோ, “வீடு வாடகைக்கு எடுத்தா நாமளே ஆக்கிச் சாப்பிட்டுக்கலாமே” என்கிறார். “லீவுக்குப் போயும் அடுப்படியா?” என்று கணவர் கேட்கிறார். எது சரி?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் கணவர் கேட்ட கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கடன். 60,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் ஒரு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 5,387 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 4,650. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 1,200, அதன் மேல் ஜிஎஸ்டி 216. ஆக மொத்தம் ஆறாயிரம் ரூபாய் கூடுதல் செலவு. இதைவிட எனக்குக் கவலை தருவது தவணை தொடங்கும் மாதம். மே மாதம் கடன் வாங்கினால் முதல் தவணை ஜூனில் வரும். பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் வரிசையில் நிற்கும் மாதம் அது. அங்கே கை கடித்தால், பலரும் கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளும் தொகைக்கு வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும். நான்கு நாள் சந்தோஷத்துக்காக அந்தச் சுழலுக்குள் தயவுசெய்து போகாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். திரும்பி வந்த பிறகு மாதம் 5,387 கட்ட முடியும் என்றால், போவதற்கு முன்னாலேயே மாதம் 3,700 எடுத்து வைக்கவும் முடியும். இது நவம்பர். இந்த மாதமே வங்கியில் ஆறு மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கும் கணக்கு) ஒன்றைத் தொடங்குங்கள். ஏப்ரலோடு ஆறு தவணை முடிந்து, மே தொடக்கத்தில் 22,200 ரூபாயும் முந்நூற்றைம்பது, நானூறு ரூபாய் வட்டியும் கைக்கு வரும். இருக்கிற 15,000-ஐச் சேர்த்தால் 37,000-க்குக் கொஞ்சம் மேல். அதற்குள் இந்தப் பயணத்தை முடிக்கலாம்.

என் கணக்கு இது. சமையலறையோடு கூடிய இரண்டு படுக்கையறை வீடு, கடற்கரையை ஒட்டி இல்லாமல் சற்று உள்ளே தள்ளிப் பார்த்தால் இரவுக்கு 4,000 வீதம் 16,000. பெட்ரோலும் சுங்கச்சாவடியும் 7,000. மளிகை, காய்கறி, பழம், மீன் எல்லாமாக 4,000. வெளியே சாப்பிட 6,000. சுற்றிப் பார்க்க 4,000. மே மாதத்தில் வாடகை கூடும் என்பதால் பிப்ரவரிக்குள் வீட்டை உறுதிசெய்துவிடுங்கள். யாரோ அனுப்பிய எண்ணுக்கு மொத்தப் பணத்தையும் யுபிஐ-யில் போட்டுவிடாதீர்கள். வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லி, சிறிய முன்பணம் மட்டும் கொடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

அந்த வீடியோ அழைப்பில் சமையலறையை நன்றாகப் பாருங்கள். “கிச்சன் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒற்றை மின் அடுப்பும் ஒரு பாத்திரமும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இரண்டு பர்னர் அடுப்பு, ஐந்து பேருக்குச் சோறு வடிக்கிற குக்கர், மிக்ஸி, குடிதண்ணீர் இதெல்லாம் இருக்கிறதா, சிலிண்டருக்குத் தனிப் பணமா என்று கேட்டுவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே அளந்து எடுத்துப் போங்கள். அங்கே போய்ப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினால் பாதி மிஞ்சும், ஆயிரம் ரூபாய் அதிலேயே போய்விடும்.

அடுத்தது மீன். கடற்கரைக்குப் போகிறோம், தினமும் வஞ்சிரம் வறுவல் என்ற நினைப்பில் கணக்குப் போட்டால் பட்ஜெட் உடையும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், புதுச்சேரிக்கும் அதுதான். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் மட்டும்தான் போகும். வரத்து குறைந்து வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஐஸ் போட்டு வந்ததாக இருக்கும். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை முழுக்க இந்தத் தடைக்காலத்துக்குள்ளேதான் வருகிறது. அதனால் மீன் ஒரு நாள் போதும். நாட்டுப்படகு கொண்டுவரும் நெத்திலியோ சங்கராவோ கிடைத்தால் வாங்குங்கள், புளியைக் குறைத்து மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள்.

மற்ற நாட்களுக்குக் கோடைக் காய்கள் இருக்கின்றன. மே மாதத்தில் முருங்கைக்காய் மலிவாகவும் சதைப்பற்றாகவும் கிடைக்கும். முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட பருப்புக் குழம்பு, தொட்டுக்கொள்ள அப்பளம், வெள்ளரிப்பிஞ்சில் உப்பும் மிளகாய்த்தூளும். ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட மளிகையோடு சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓட்டலில் மீன் சாப்பாடு என்று உட்கார்ந்தால் ஒரு வேளைக்கு இரண்டாயிரம் ஆகும். போகிற வழியில் உளுந்தூர்பேட்டையிலிருந்து பண்ருட்டி பக்கம் திரும்பினால் சாலையோரமாகவே பலாப்பழம் குவிந்து கிடக்கும். முழுப் பழமாக வாங்கினால், உரித்த சுளை வாங்குவதைவிட மிகவும் மலிவு. காரில் ஒரு பழைய துணியும் கையில் தடவ நல்லெண்ணெயும் இருக்கட்டும். நுங்கும் தர்பூசணியும் வாங்குங்கள், குளிர்பானத்துக்குக் கொடுக்கிற பணம் மிஞ்சும். காய்கறிக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளை விட்டுவிட்டு, ஊருக்குள் இருக்கிற பெரிய மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போங்கள்.

சரி, உங்கள் கணவரின் கேள்வி. இந்தக் கணக்கில் மிச்சமாகும் பணம் உங்கள் உழைப்பிலும் மாமியாரின் உழைப்பிலும்தான் வருகிறது. மூன்று வேளையும் நீங்கள் இருவரே அடுப்படியில் நின்றால் அது உங்களுக்கு விடுமுறையே இல்லை, அந்தச் சேமிப்பை நான் சேமிப்பாக எண்ண மாட்டேன். அதனால்தான் வெளிச் சாப்பாட்டுக்கு 6,000 ஒதுக்கியிருக்கிறேன். காலையில் பக்கத்துக் கடையில் இட்லி, பொங்கல் வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் மட்டும் சமையல், அதுவும் ஒரு குழம்பு, ஒரு பொரியல். இரவில் இரண்டு நாள் வெளியே, இரண்டு நாள் மதியம் வைத்த குழம்போடு தோசை. மார்க்கெட்டுக்குப் போவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது மூன்றும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். கிளம்புவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். அவருக்கு ஒப்புதல் இல்லை என்றால் வீடு வேண்டாம். அதே 37,000-க்குள் சாதாரண லாட்ஜில் இரண்டு இரவு மட்டும் தங்கிவிட்டு வாருங்கள். அப்போதும் கடன் தேவைப்படாது.

ஆர்.டி. தவணையைச் சம்பளம் வருகிற மறுநாளே கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். அந்த லோன் மெசேஜ்களுக்குப் பதில் அனுப்ப வேண்டாம், எதையும் அழுத்தவும் வேண்டாம்.