நார்மனில் முதல் மே மாதம்: புயல் பார்க்கப் போகலாமா?

தம்பி, ஜனவரியில்தான் அமெரிக்காவுல, நார்மன் ஊர்ல இருக்கிற ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில சேர்ந்தீங்க, லேப் நண்பர்கள் மே மாசம் புயல் துரத்தக் கூப்பிடறாங்க, முன்னறிவிப்பை எப்படிப் படிக்கிறது, நம்பிப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. போகலாம். ஆனா முதல் வருஷம் நீங்க ஓட்ட வேண்டாம். பல சீசன் பார்த்தவர் கார்ல ஏறிப் போங்க.

நாடு முழுக்கக் கடும் புயல் முன்னறிவிப்பு தர்ற மையமே நார்மன்ல, உங்க பல்கலைக்கழகத்தின் தேசிய வானிலை மையக் கட்டடத்திலதான் இருக்கு. காலையில எழுந்ததும் அவங்க வரைபடத்தைப் பாருங்க. ஆபத்து கம்மியிலிருந்து அதிகம் வரைக்கும் மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹைன்னு ஐந்து படி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தோட நிறுத்திடாம, டொர்னாடோவுக்குன்னு, அதாவது புயல்மேகத்திலிருந்து தரைக்கு இறங்கற சுழல்காற்றுக்குன்னு, தனியா இருக்கிற சதவீதப் படத்தைத் திறங்க. 10 சதவீதம்னு பார்த்ததும் அலட்சியமா விடத் தோணும். ஓர் இடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள்ள டொர்னாடோ வர்ற வாய்ப்பு அது. அந்தக் கணக்குக்கு 10 ரொம்பப் பெரிய எண்.

அடுத்து, மேல்காற்றை அளக்கக் காலையில விடற வானிலை பலூனோட அளவீடு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வர்ற ஈரக்காற்று தரைகிட்ட இருக்கணும். வெளியில வந்தா சென்னைக் கசகசப்பு மாதிரி தெரியும். உயரம் போகப் போகக் காற்று திசை மாறி வேகமெடுக்கணும். அப்பதான் மேகம் முழுசாச் சுழலும். இதுக்கு நடுவுல ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துல ஒரு வெப்ப அடுக்கு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும், 'கேப்'னு சொல்வாங்க. என்னைக் கேட்டா அந்த நாளோட தலையெழுத்தே அதுலதான். கேப் உடையலைன்னா சாயங்காலம் வரைக்கும் வெறும் நீல வானம். சீக்கிரமே உடைஞ்சா ஊரெல்லாம் மழையாகி மேகங்கள் ஒண்ணோடொண்ணு கலந்துடும். மதியத்துக்கு மேல, மேற்கே ட்ரைலைன் (ஈரக்காற்றும் வறண்ட காற்றும் சந்திக்கிற எல்லை) ஓரமா, ஒன்றிரண்டு மேகம் மட்டும் காலிஃபிளவர் விளிம்போட விறுவிறுன்னு எழும்பினா, அந்த நாளைத்தான் நண்பர்கள் எதிர்பார்த்துட்டிருப்பாங்க.

நம்பலாமான்னு கேட்டீங்களே, ரெண்டு நாளைச் சொல்றேன். 2019 மே 20 அன்னைக்கு ஹை ரிஸ்க் போட்டாங்க. ஓக்லஹோமா சிட்டியில பள்ளிக்கூடங்களை மூடினாங்க. பயந்த அளவுக்கு நகரத்துல எதுவும் நடக்கலை. 2013 மே 31 அன்னைக்கு அதைவிட ஒரு படி கீழே, மாடரேட்தான். ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரீனோ ஊர்கிட்ட 4.2 கிலோமீட்டர் அகல டொர்னாடோ இறங்கிச்சு. வர்ற போக்குல திடீர்னு வடகிழக்காத் திரும்பி வேகமெடுத்துச்சு. புயல் ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூடப் போன கார்ல் யங் மூணு பேரும் அதுல இறந்தாங்க. விளையாட்டுக்குப் போனவங்க இல்லை, பல வருஷம் ஆய்வு செஞ்சவங்க. சூழ்நிலை தயாரா இருக்கான்னுதான் முன்னறிவிப்பு சொல்லும். எந்த மேகம், எந்த நிமிஷம், எந்தப் பக்கம் திரும்பும்ங்கிறது அதுல இருக்காது.

அதனால மழைத்திரைக்குள்ள மறைஞ்சு சுழல்ற புயல்கிட்ட போற ஆளோட போகாதீங்க. பெரும்பாலும் புயல் வடகிழக்கா நகரும். நீங்க அதுக்குத் தென்கிழக்கே, தெற்கே தப்பிக்கத் தார் ரோடு இருக்கிற இடத்துல நிக்கணும். மழை பெஞ்சா அங்க மண் ரோட்டுல டயர் புதைஞ்சிடும். இருட்டினதும் திரும்பிடணும். பாலத்துக்கு அடியில ஒதுங்கவே கூடாது. காற்று அங்க இன்னும் இறுகி அடிக்கும்.

கார் விஷயம் ஒண்ணு. புதுசா வர்ற மாணவர்கள் பழைய கார் வாங்கி, அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு மட்டும் பணம் தர்ற லையபிலிட்டி இன்சூரன்ஸ் எடுப்பாங்க. ஆலங்கட்டி கண்ணாடியை உடைச்சா அதுல ஒரு டாலர்கூட வராது, அந்த மாதிரி சேதத்துக்குக் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் வேணும்.

நீங்க போகாத நாளும் முக்கியம். 'வாட்ச்'னு (டொர்னாடோ வர வாய்ப்பிருக்கு) போன்ல வந்தா ஷூ, பாஸ்போர்ட், சார்ஜர் எடுத்து வையுங்க. 'வார்னிங்'னு (டொர்னாடோ கண்ணுலயோ ரேடார்லயோ பட்டாச்சு) வந்தா உடனே கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போயிடுங்க. மாடியில குடியிருந்தா கீழ்வீட்டுக்காரங்ககிட்ட இந்த வாரமே பேசி வையுங்க. வானம் தெளிவா இருக்கிற சனிக்கிழமை மதியம் 12 மணிக்குக் கேட்கிற சைரன் வெறும் சோதனைதான், பயப்படாதீங்க.

கூப்பிடற நண்பர் எத்தனை சீசன் போனவர், யார் ஓட்டறாங்க, யார் ரேடார் பார்க்கறாங்கன்னு கேட்டு எழுதுங்க. ஓட்டறவரே ரேடாரும் பார்க்கறார்னா, போக வேண்டாம்.