பூட்டி வைத்த படம்

கேள்வி: ஐம்பதுகளில் வந்து, ஓடாமலே போன ஒரு குடும்பப் படத்தின் 16 எம்.எம். பிரதி என்னிடம் இருக்கிறது. எஸ்டேட் கிளப்பைக் காலி செய்தபோது வாங்கியது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. எங்கள் ஊர்க் குளிருக்கு எதுவும் கெடாது. லேசாகப் புளித்த வாடை மட்டும் வருகிறது. அபூர்வப் பொருளை இப்படித்தானே காக்க வேண்டும்?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை ஐயா. அந்த வாடை, படம் அழிந்துகொண்டிருக்கும் வாடை. 16 எம்.எம். சுருள் அசிட்டேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆனது. அது சிதையும்போது வினிகரில் இருக்கும் அதே அமிலம் ஆவியாக வெளிவரும். பூட்டிய பெட்டிக்குள் அந்த ஆவி போக வழியின்றித் தங்கி, மிச்சத்தையும் வேகமாக அரிக்கும். பக்கத்துச் சுருளையும் விடாது. தொடங்கிய பிறகு நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். குளிர் நல்லதுதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் இருக்கும் தோல் பைக்கே பூசணம் பிடிக்கும் ஊர் உங்களுடையது. சுருளின் மேல் பூச்சில் இருக்கும் ஜெலட்டின் அந்தப் பூசணத்துக்கு நல்ல தீனி.

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். 1931-ல் வந்த நம் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. எந்தத் திரையில் போய்க் காண்பது? 1939-ல் வந்து, ஆங்கிலேய அரசு தடை செய்த ‘தியாக பூமி’யைப் புனேயில் இருக்கும் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி இருப்பதால்தான் பார்க்க முடிகிறது. வெற்றிப் படத்துக்காவது நிறையப் பிரதிகள் போட்டிருப்பார்கள். ஓடாத படத்துக்கு யார் போட்டார்கள்? உங்கள் கையில் இருப்பது கடைசிப் பிரதியாகவே இருக்கலாம். அதில் நடித்த துணை நடிகர்களின் முகமும் குரலும் வேறெங்கும் பதிவாகாமல் போயிருக்கலாம். அதை உங்கள் பெட்டியோடு முடித்துவிட உங்களுக்கு என்ன உரிமை?

ஆசையில் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய சுருளின் ஓரத்துளைகள் கிழிந்துவிடும். வாடை வரும் சுருளைத் தனியே எடுத்து, காற்றாடும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். அப்புறம், புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். படம் வெளியாகி 60 ஆண்டுகள் தாண்டிவிட்டதால் படத்தின் மீதான பதிப்புரிமையும் முடிந்துவிட்டது. அதைக் காரணம் காட்டித் தயங்க வேண்டாம். டிஜிட்டல் பிரதி எடுக்க முடிந்தால், அதே எஸ்டேட் ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். மழை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே எழுதுங்கள்.