ஸ்காட்ச் விஸ்கி, பில்ஸ்னர் பீர் என்று ஊரை வைத்துப் பெயர் வருகிறதே, வேறு ஊரில் செய்தால் அந்தப் பெயரை வைக்கக் கூடாதா?

சில பெயர்களை வைக்கலாம், சிலவற்றைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

மார்த்தாண்டத்தில் எங்களுக்கு வாழைக்குலை வியாபாரம். பாளையங்கோட்டான் பழம் பாளையங்கோட்டையில் விளைந்ததா என்று கடையில் ஒருவரும் கேட்டதில்லை. எங்கே விளைந்தாலும் அது பாளையங்கோட்டான்தான். மட்டி வாழையின் கதை வேறு. மெல்லிய தோல், சின்னப் பழம், குலையைப் பிரிக்கும்போதே மணம் வரும். கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுப்பதும் அதைத்தான். வேறு மண்ணில் வைத்தால் இந்த ருசி வராது என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். 2023ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பீரில் பாளையங்கோட்டான் மாதிரி ஆகிப்போனது பில்ஸ்னர். செக் நாட்டுப் பில்சன் நகரில் 1842ல் யோசெஃப் கிரோல் என்ற பவேரியாக்காரர் பொன்னிறத்தில் தெளிவான ஒரு பீரைக் காய்ச்சினார். அது பிடித்துப்போய் அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களும் அதேபோலச் செய்து, அதே பெயரிலேயே விற்றார்கள். பில்சன்காரர்கள் 1898ல் 'பில்ஸ்னர் உர்குவெல்', அதாவது மூல ஊற்று, என்று பதிவு செய்தபோது பெயர் கைவிட்டுப் போயிருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து மதுவடிப்பாளர்கள் உஷார். தங்கள் ஊர் பீரின் பெயரான கோல்ஷை யார் வைக்கலாம் என்று 1986ல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, 1997ல் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பும் வாங்கிவிட்டார்கள்.

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கென்டக்கியில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்; தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். (நம்ம ஊர் போர்பன் பிஸ்கட்டில் இது ஒரு சொட்டும் கிடையாது.)

ஸ்காட்ச் விஷயத்தில் இந்தச் சலுகையெல்லாம் இல்லை. ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடக்க வேண்டும். ஸ்காட்ச் தயாரிப்பாளர்கள் சங்கம் உலகம் பூராவும் வழக்குப் போடும். ஜெர்மனியில் ஒரு சின்ன ஆலை விஸ்கிக்கு 'கிளென்' (ஸ்காட்லாந்தில் பள்ளத்தாக்கைச் சொல்லும் சொல், பல ஸ்காட்ச் பெயர்களில் வரும்) என்று தொடங்கும் பெயர் வைத்ததற்கே ஐரோப்பிய நீதிமன்றம் வரை இழுத்தார்கள்.

ஆனால் இந்தியாவில் ஒரு வழக்கில் கோட்டை விட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த வழக்கு அது. பெங்களூர் கோடேஸ் நிறுவனம் 1968ல் 'பீட்டர் ஸ்காட்' விஸ்கியைக் கொண்டுவந்தது. பெயர் வைத்தவர் சொன்ன விளக்கம்: என் அப்பா பெயர் பீட்டர், அவர் ஸ்காட்லாந்துக்காரர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஸ்காட்ச் சங்கத்துக்கு 1974லேயே விஷயம் தெரிந்தும், பதிவை எதிர்த்து மனுப் போட்டது 1986ல்தான். அத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது வருவதா என்று 2008ல் உச்ச நீதிமன்றம் கோடேஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், பெயரைப் பார்த்து ஏமாற மாட்டார்கள் என்றும் சொன்னது. எங்கள் பக்கத்து மதுக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் இதை நம்புவது கஷ்டம்.

நீங்கள் வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'ஸ்காட்ச் மால்ட் கலந்தது' என்றிருந்தால் (மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) அது நம் நாட்டு விஸ்கி. 'இந்தியாவில் பாட்டிலில் அடைத்தது' என்று இருப்பதாலேயே போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். பிளெண்டட் ஸ்காட்சை, அதாவது பல ஆலைகளின் விஸ்கியைக் கலந்ததை, மொத்தமாக இறக்கி இங்கே பாட்டிலில் அடைக்க அனுமதி உண்டு. ஒரே ஆலையின் மால்ட்டான சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்றால் பாட்டிலும் அங்கேயே அடைத்ததாக இருக்க வேண்டும்.