எடை போட்டால் தெரியாதா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பூலாம்பட்டிப் பக்கம் ரெண்டு குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். போன மாதம் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்து, ரெண்டு குட்டையிலும் சில ரோகுவைப் பிடித்து, முதுகுச் சதையில் மொச்சைக்கொட்டை அளவு வெட்டிச் சின்னக் குப்பியில் போட்டு, புகை கக்கும் நைட்ரஜனில் முக்கி எடுத்துப் போனார். 'ஜீன் வெளிப்பாடு' என்றார். அன்றிலிருந்து சந்தையில் "ஜீன் மாத்துன மீனா?" என்று கேட்கிறார்கள். ஒரு குட்டைக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும், இன்னொன்றுக்குக் கம்பெனித் தீவனமும் போடுகிறேன். எது ஒத்துக்கொள்கிறது என்று எடை போட்டால் தெரியாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சந்தைக்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள். அவர் எதையும் மாற்றவில்லை. ஜீனைத் திருத்திய மீனும் உலகத்தில் உண்டுதான். மயோஸ்டாட்டின் என்ற ஜீன் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம். அதை முடக்கிய, சதைப்பிடிப்பான கடல்மீன் ஒன்று ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்தது. அது வேறு வேலை.

ரோகுவின் கண்ணிலும் ஈரலிலும் சதையிலும் இருப்பது அதே ஜீன்கள். எந்த ஜீனிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ நகல் எடுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத்தான் 'ஜீன் வெளிப்பாடு' என்கிறார்கள். அந்த நகல்களைத்தான் உங்களிடம் வந்த பெண் எண்ணுகிறார். மீன் பட்டினி கிடந்தால் தசைப் புரதத்தைக் கரைக்கும் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 ஜீன்களின் நகல் ஏறும்; தீனி கிடைத்ததும் இறங்கும். தராசு இதைக் காட்ட நாளாகும். ஏறிய எடையில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சினை எவ்வளவு என்றும் அது சொல்லாது. நமக்குப் பிறந்த பிறகு தசைநார் தடிக்குமே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. பெரிதாக வளரும் மீன் வகைகளுக்குக் குஞ்சுப் பருவம் தாண்டியும் புது நார்கள் முளைக்கும். கறி கெட்டியாக இருப்பதற்கும் இந்த நார்க் கணக்குக்கும் தொடர்பு உண்டு.

நைட்ரஜன் எதற்கு என்றால், ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் உறைந்தால் அந்த நொடியின் நிலை அப்படியே தங்கும். வெட்டுகிற இடமும் முக்கியம். முதுகுத் துடுப்புக்குக் கீழே இருப்பது வெள்ளைச் சதை. விலாவில் நீளவாக்கில் ஓடுவது சிவப்புச் சதை, வேறு வகை நார். கத்தி கொஞ்சம் இறங்கி ரெண்டும் கலந்தால், தீவனத்தால் வந்த மாற்றம் எது, கலப்பால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. வலையில் அரை மணி நேரம் விரட்டிப் பிடித்த மீனும் அப்படித்தான்: விரட்டியதன் பதற்றமும் கணக்கில் ஏறிவிடும்.

அதற்காகத் தராசை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். நகல் கூடினால் புரதமும் அதே அளவு கூடும் என்று இல்லை. புரதம் கூடினாலும் மீன் பருக்கும் என்று இல்லை. புவனேஸ்வரத்து நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் நார்வேக்காரர்களோடு சேர்ந்து 1992இல் தொடங்கி, 1997இல் வெளியிட்ட ஜெயந்தி ரோகு, நன்றாக வளர்ந்த மீன்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து வந்ததுதான். அங்கே வேலை பார்த்தது தராசு.

உங்கள் தீவன நோட்டையும் எடைக் கணக்கையும் அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். எந்த மீன் எந்தக் குட்டை, கடைசியாக எப்போது தின்றது என்பது தெரியாமல் அவருடைய எண்கள் அந்தரத்தில்தான் நிற்கும். முடிவு வந்ததும் உங்களுக்கும் ஒரு பிரதி தரச் சொல்லுங்கள். மீன் உங்களுடையது, கேட்பதில் தப்பில்லை.