மாட்சா இருக்கட்டும், முதலில் உங்கள் காலை மாத்திரைகளைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ. தைராய்டுக்கு பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9.6 என்று வந்ததால் இரும்புச் சத்து மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்கிறேன். என்ன செய்தும் எடை குறையவில்லை. வெறும் வயிற்றில் மாட்சா கிரீன் டீ குடித்தால் ஒரே மாதத்தில் 5 கிலோ குறையும் என்று வாக்கிங் வரும் ஒருவர் சொல்கிறார். 30 கிராம் டப்பா 2,600 ரூபாய். வாங்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எடை குறைக்கத்தான் என்றால் வாங்காதீர்கள். எடைக்கும் கிரீன் டீக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பு, 2012-இல் முடிவை வெளியிட்டது. கிரீன் டீயால் குறைந்த எடை பொருட்படுத்தக்கூடிய அளவில் இல்லை. ருசி பிடித்துக் குடிக்கிறீர்கள் என்றால் தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரை மட்டும் வேண்டாம்.

மாட்சாவும் தேயிலைதான். ஜப்பானில் உஜி, நிஷியோ போன்ற ஊர்களில் பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். நிழலில் இலை நல்ல பச்சையாகி, தியானின் என்ற சத்து கூடுகிறது. பிறகு ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் மாவாக அரைக்கிறார்கள். மற்ற டீயில் இலையை வடிகட்டி எறிகிறோம், இதில் இலையையே குடிக்கிறோம். காஃபினும் தியானினும் சேர்வதால் மனம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். தொடர்ந்து கிரீன் டீ குடித்தால் கெட்ட கொழுப்பும் சிறிதளவு குறைகிறது. உண்மையான நன்மை அவ்வளவுதான், அதுவும் நல்லதுதான்.

‘சாதாரண கிரீன் டீயைவிட 137 மடங்கு சத்து’ என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2003-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஒரே ஒரு சாதாரண கிரீன் டீயோடு ஒப்பிட்டபோது, ஒரே ஒரு வேதிப்பொருளுக்குக் கிடைத்த எண் அது. மற்ற நல்ல கிரீன் டீக்களோடு பார்த்தால் மூன்று மடங்கு என்று அதே ஆய்வே சொல்கிறது. விற்பவர்கள் மூன்றை விட்டுவிட்டு 137-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு வரி. இரண்டு மாத்திரையையும் ஒன்றாகப் போடுகிறீர்கள். இரும்பு தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். உங்கள் எடை அசையாமல் நிற்பதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு மருத்துவர் தைராய்டுக்கு எழுதுகிறார், இன்னொருவர் ரத்தசோகைக்கு எழுதுகிறார், இரண்டு சீட்டிலும் ‘1-0-0’, அதாவது காலையில் மட்டும். மருந்துக் கடையில் அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் உட்காரவைத்துச் சொல்ல இத்தனை பேரில் ஒருவருக்கும் நேரமில்லை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. மாத்திரையைக் கொடுத்தால் போதுமா, எப்போது விழுங்குவது என்று சொல்ல வேண்டாமா?

இதில் மாட்சாவும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள கேட்டசின் என்ற வேதிப்பொருள், கீரையிலும் பருப்பிலும் வரும் இரும்பையும் மாத்திரை இரும்பையும் உடலில் சேரவிடாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டிபனோ. மாட்சா ஆசை இருந்தால் 11 மணிக்கு, ஒரு கிண்ணம், 2 கிராமுக்கு மேல் வேண்டாம். அதிலேயே ஒரு காபி அளவுக்குக் காஃபின் இருக்கிறது. இரும்பு மாத்திரை மாலை 6 மணிக்கு மேல், எலுமிச்சைச் சாறோடு. பால் கூடாது. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம்.

வாக்கிங் நண்பர் தரும் டப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன மாதம் ஒரு பெண் இப்படித்தான் ஒரு டப்பாவோடு வந்தார். திறந்தால் மஞ்சளடித்த பச்சை, வைக்கோல் வாசனை. பின்பக்கம் பொடி எழுத்தில் முதலில் சர்க்கரை, அடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள், கடைசியில் மாட்சா. அதிகம் உள்ளதைத்தான் முதலில் போடுவார்கள். உயர்தரம் என்று காட்ட டப்பாவில் போடும் ‘செரிமோனியல் கிரேடு’ என்பதற்குச் சட்டப்படி எந்த அளவுகோலும் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணைக் காட்டி ‘அரசே ஒப்புக்கொண்டது’ என்பார்கள். அது வியாபாரம் செய்ய உரிமம், எடை குறையும் என்பதற்குச் சான்று இல்லை. டப்பா பலிக்கவில்லை என்றதும் கிரீன் டீ சாறு அடைத்த கேப்சூலை நீட்டுவார்கள். அதைத் தொடவே வேண்டாம். செறிவூட்டிய கிரீன் டீ சாறு கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.

மாத்திரை நேரத்தை மாற்றுவதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள், அளவை அப்போது அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அப்புறம், மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். 2,600 ரூபாயை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.