மதிப்பெண் போடாதீர்கள், பதில் எழுதுங்கள்

அன்புள்ள சார்,

நான் ஆங்கில ஆசிரியை. பாடநூலுக்கு வெளியே என் மாணவர்கள் எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்களைத் தாங்களே எடுத்து வாசிக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கற்றல் குறிப்பேட்டில் ஒரு பக்கச் சுருக்கம், அதற்குப் பத்து மதிப்பெண். பலர் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது? தமிழில் எழுத விடலாமா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

தமிழில் எழுதட்டும், தாராளமாக. மனதில் பட்டதைச் சொல்ல வருகிறவனை ஆங்கில இலக்கணத்தைக் காட்டி ஏன் மிரட்டவேண்டும்?

பின்னட்டையைப் பார்த்து எழுதும் பிள்ளைமேல் எனக்குக் கோபமே வரவில்லை, உங்கள்மேல்தான் வருகிறது. கதை படி என்று ஆசை காட்டிவிட்டு ஒவ்வொரு கதைக்கும் பின்னால் ஒரு பரீட்சையை வைத்தால் அவன் வேறென்ன செய்வான்? அகன்ற வாசிப்புக்கென்று, அதாவது எளிய புத்தகங்களை நிறைய, விருப்பத்தோடு வாசிப்பதற்கென்று, மொழி கற்பிப்பவர்களான ரிச்சர்ட் டேயும் ஜூலியன் பாம்ஃபோர்டும் 2002இல் எழுதிய பத்துக் கொள்கைகளில், புத்தகம் எளிதாக இருக்கவேண்டும், மாணவரே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பவற்றோடு, வாசிப்புக்கு வாசிப்பே பரிசு என்பதும் உண்டு. உங்கள் பத்து மதிப்பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

சுருக்கத்தை விடுங்கள். உங்கள் குறிப்பேட்டில், பாதியில் விட்ட புத்தகத்தை எழுத இடம் இருக்கிறதா? இருக்காது. முடித்தவனுக்குத்தானே மதிப்பெண்! ஆனால் ஆசிரியருக்கு அதிகம் சொல்வது அந்த விட்ட புத்தகம்தான். மார்செல்லா ஹூவும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைத் துணையில்லாமல் புரிந்துகொள்ளப் பெரும்பாலோருக்கு அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்கவேண்டும். அதாவது 200 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை நாலைந்துக்குள். ஒரு பெண் பன்னிரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் அந்தப் பக்கத்தைத் திறந்து தெரியாத சொற்களை அவளையே எண்ணச் சொல்லுங்கள். பதினைந்து வந்தால் அவள் சோம்பேறி இல்லை, புத்தகம்தான் அவளுக்கு மேலே இருக்கிறது, ஒரு படி கீழே உள்ளதைக் கொடுங்கள். சொல்லெல்லாம் தெரிந்தும் விட்டாளா? அப்போது கதை பிடிக்கவில்லை, வேறு வகை கொடுங்கள். எங்கே விட்டாய், ஏன் விட்டாய் என்ற இந்த இரண்டு வரியை எந்தச் சுருக்கமும் உங்களுக்குத் தராது, அதுவும் விட்டதற்குத் தண்டனை இல்லை என்று அவள் நம்பினால்தான் எழுதுவாள்.

எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த ஒரு டீச்சரிடம், 'நிறையப் பெயர்கள் வந்து குழப்புகிறது, விட்டுவிட்டேன்' என்று பயந்துகொண்டேதான் எழுதிக் கொடுத்தேன். கீழே அவர், 'எனக்கும் அங்கேதான் குழம்பியது, பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன்' என்று எழுதியிருந்தார். டீச்சரே குழம்புவாரா! அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அவர் மதிப்பெண் போட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஆகவே பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும், 'நன்று' என்ற முத்திரை வேண்டாம், அவன் எழுதியதைப் பற்றிய ஒரு கேள்வி. எல்லாருக்கும் ஒவ்வொரு வாரமும் முடியாதுதான், முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்களும் ஒரு குறிப்பேடு எழுதி வகுப்பில் வையுங்கள், நீங்கள் பாதியில் விட்ட புத்தகங்களோடு சேர்த்து.

எப்படித் தடுப்பது என்றுதானே கேட்டிருந்தீர்கள்? சுருக்கமே கேட்காவிட்டால் பின்னட்டையில் பார்த்து எழுத என்ன இருக்கிறது, டீச்சர்?