கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது என் மகனுக்கு அரசியல் ஆசை. நம்மவர் யாராவது மாநிலச் சட்டமன்றத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உட்கார்ந்திருக்கிறார், அக்கா, அதுவும் உங்கள் பேராக்கிலேயே. 2008 தேர்தலுக்குப் பிறகு துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகர் ஆனார், மலேசியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். சுகமான நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள்! மறு வருடமே அவர் கூட்டணியின் ஆட்சி கவிழ, 2009 மார்ச் 3 அன்று மன்றக் கதவு அடைத்துக் கிடந்ததால் ஈப்போவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் கூடுவதுபோல, கூட்டத்தை நடத்தினார். மே 7 அன்று அவரை அங்கி போட்டபடியே மன்றத்திலிருந்து இழுத்துப்போனார்கள். அப்புறம் அதே நாற்காலிக்கு ஆர். கணேசன், எஸ்.கே. தேவமணி என்று வரிசையாக நம்மவர்கள். சிவகுமார் 2013-இல் பத்து காஜா எம்.பி., 2022-இல் மனிதவள அமைச்சர்.

சபாநாயகராக சட்டமன்ற உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சரி, தம்பி முதலில் மன்ற விதிகளை மலாயில் படிக்கட்டும், சண்டையெல்லாம் அதை வைத்துத்தான் நடந்தது.